நாப்பதைத் தாண்டாத ஆள்

சித்தூர்ல ஒண்ணு, திருப்பதி பைபாஸ்ல ஒண்ணு, திருச்சானூர் போற வழியில ஒண்ணு, ஆக மூணு ஒர்க் ஷாப் என்னுது. அஞ்சாவது வரைக்கும்தான் நகரியில படிச்சேன். அதுக்கு மேல படிக்க வைக்க வீட்டுல வசதியும் இல்ல, எனக்குப் பொறுமையும் இல்ல. முதல் ஷெட்டு நாலு சவுக்குக் கம்பு, எட்டு தகரம். ரோடு அகலப்படுத்தறாங்கன்னு சொன்ன அன்னைக்குக் காலையில பிரிச்சு, சாயந்தரத்துக்குள்ள கால்வாய்க்கு அந்தாண்ட நட்டு, அங்கயே ரெண்டு வண்டிக்கு சர்வீஸ் பண்ணி அனுப்பினேன். தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் பண்ண எல்லாரும் வேலூருக்குத் தூக்கிகினு போன காலத்துல இந்தப் பக்கத்துக்கு போரிங் மிஷின் கொண்டாந்தவன் நான். கரண்டு கனெக்‌ஷன் வராம ஏழு மாசம் அதை படுதா போட்டு மூடி வெச்சு தினம் துடைச்சேன். இங்கிலீஷ் தெரியாது. கம்பெனிக்காரன் அனுப்பற புக்குல படத்தைப் பாத்தே புது வண்டியைப் பிரிச்சு மாட்டுவேன். பையனை இஞ்சினியர் ஆக்கினேன். யாரும் கை குடுக்கல. குடுத்திருந்தா சொல்லுவேன்.

எங்க டூ வீலர் மெக்கானிக்குங்க சங்கத்துல ஒரு மலர் போடறாங்க. என்னைப் பத்தி நானே எழுதித் தரணும்னு கேட்டாங்க. முக்கியமா அந்த ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின இன்ஜினைப் பத்தி எழுதணுமாம். எழுதறேன். ஆனா ஓட்டினவனை விட்டுட்டு இன்ஜினை எழுத எனக்குத் தெரியல. அவன் செத்துட்டான். திருமலையிலருந்து இறங்கற ரோட்டுல, பட்டப்பகல்ல. அதிவேகமா வந்து சுவத்துல மோதினான்னு போலீஸ்காரங்க காகிதத்துல எழுதி முடிச்சுட்டாங்க. அந்தக் காகிதம் பொய்யில்ல, நிஜமும் இல்ல. அதுல என் பேர் இல்ல, அதான் குறை.

அவன் பேரை இங்க எழுதப் போறதில்ல. எழுதலாமான்னு அவன் பொண்டாட்டிய நான் கேக்கல. என் ஷெட்டுல அவனுக்கு நலபைன்னு பேரு. தெலுங்குல நாப்பது. ஸ்பீடாமீட்டர் முள்ளு நாப்பதைத் தாண்டி எவனும் பாத்ததில்ல. சந்திரகிரி ரோட்டுல லாரிக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயி, பக்கத்துல வந்து எட்டிப் பாப்பான், ஆளு தூங்கிட்டானான்னு. இவன் தலையை ஒரு பக்கமா சாய்ச்சுகினு போவான். இடது காது இன்ஜின் பக்கம். ஹெல்மெட்டு உள்ள காதுகிட்ட இருக்கற பஞ்சைக் கத்தியால தோண்டி எடுத்திருந்தான். ஏன்யான்னு கேட்டா, "தலைக்கு ஹெல்மெட்டு மேஸ்திரி, காதுக்கு இன்னாத்துக்கு?"ன்னான்.

முதல் தடவை என்கிட்ட வந்தப்ப ரேணிகுண்டாவுலருந்து வண்டியைத் தள்ளிகினு வந்தான். பத்து கிலோமீட்டர். நூறு சிசி வண்டி, ஏற்கெனவே ஒருத்தன் ஓட்டி வித்தது. நான் உதைச்சுப் பாத்தேன். ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சு.

"இன்னாய்யா, ஓடற வண்டியைத் தள்ளிகினு வந்திருக்கே?"

"ஓடும் மேஸ்திரி. உள்ள ஒண்ணு தனியா தட்டுது. வலியோட அதை ஓட்ட மனசு வரல."

குனிஞ்சு கேட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. என்கிட்ட இருபது வருஷமா இருக்கற பெரிய ஆளு கேட்டான், அவனுக்கும் கேக்கல. பொழுது போகலையே, பாப்போம்னு மேல் மூடியைத் திறந்தா, ஒரு வால்வைத் தள்ளற டேப்பெட்டுல இடைவெளி ஒரு மயிரிழை அதிகமா இருந்தது. அதைத்தான் அவன் காது புடிச்சிருக்கு.

நகரியில நலபையோட மச்சானுக்கு பவர்லூம் ஷெட்டு. பதினாறு தறி. அந்த இரைச்சல்ல பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் விழாது. ஆனா ஒரு தறியில நூல் அறுந்தா, கண்ணு போறதுக்கு முன்னாடி அவன் அங்க நிப்பானாம். பதினஞ்சு வருஷம் அந்த வேலை. அப்புறம் தறியை விட்டுட்டு, அங்க நெய்யற துண்டு, வேட்டி மூட்டையை வண்டியில கட்டிகினு திருமலை மேல கடைங்களுக்குப் போடற வேலைக்கு வந்தான். குடும்பத்தைத் திருப்பதியில வெச்சான். தினம் மலை ஏறி இறங்கணும், வாரத்துல ரெண்டு நாள் நகரி போய் வரணும். அந்த வண்டிதான் அவனுக்குச் சோறு.

அன்னைக்கு டேப்பெட்டை சரி பண்ணிட்டு, நான் எல்லாருக்கும் சொல்றதை அவனுக்கும் சொன்னேன். "இன்ஜினுக்கு ஆயுசு வருஷத்துல இல்லய்யா, சுத்துல இருக்கு. பிஸ்டன் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ரிங்கு சிலிண்டரை உரசுது. அறுபதுல போறவன் மூணாவது கியர்ல கத்த வெச்சுகினு போனா, நாலாவதுல போறவனை விட அதே தூரத்துக்கு அதிகம் சுத்த வைக்கறான். சுத்தை வீணாக்காதே. ஆயிலை நேரத்துக்கு மாத்து. உன் பேரப் பிள்ளை இதே வண்டியை ஓட்டும்."

மத்தவங்க சரி சரின்னு தலையாட்டிட்டு, ஷெட்டு வாசல் தாண்டறப்பவே முறுக்குவாங்க. இவன் அதை வேதமாட்டம் புடிச்சுகினான்.

ஒரு மாசம் கழிச்சு வந்தான். இப்ப வேற மாதிரி. சத்தமே கூடாதுன்னு டாப் கியர்ல இருபத்தஞ்சுல போயிருக்கான். இன்ஜின் திணறித் திணறி இழுத்திருக்கு. கூப்பிட்டுத் திட்டினேன். "மூட்டை தூக்கறவனை முட்டி மடக்காம நடடான்னா நடப்பானா? அது கத்தவும் கூடாது, முக்கவும் கூடாது. ஏத்தத்துல மூட்டையோட போனா ரெண்டாவது கியர் போடு. கொஞ்சம் சத்தம் வரட்டும். அது உழைக்கற சத்தம்." அவன் உடனே மூட்டை கட்டி மலையடிவாரத்துல அலிபிரி வரைக்கும் போய், ஏத்தத்துல கொஞ்ச தூரம் ஏறிப் பாத்துட்டுத் திரும்பி வந்து, "இப்ப மூச்சு வாங்கல மேஸ்திரி"ன்னான். சொன்னதை அன்னைக்கே செஞ்சு பாக்கற கஸ்டமரு எனக்கு அவன் ஒருத்தன்தான்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. சர்வீஸ் முடிச்ச வண்டியைக் கஸ்டமர் முன்னாடி நிறுத்தி ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிக் காட்டணும். புகை வரணும், தகரம் அதிரணும். அப்பதான் வேலை நடந்ததுன்னு அவன் நம்புவான். நானே கத்துக் குடுத்த பழக்கம்தான். ஒரு நாள் என் பெரிய ஆளு அப்படி அவன் வண்டியை முறுக்கப் போக, இவன் பாய்ஞ்சு மணிக்கட்டைப் புடிச்சுகினான்.

"அது இன்னும் சூடே ஆகல. ஆயில் மேல ஏறல. தூங்கி எழுந்தவனைத் தட்டி ஓடுன்னா நீ ஓடுவியா?"

"நலபை அண்ணா, உன் வண்டிக்கு வாய் இருந்தா உன்னை மாமான்னு கூப்பிடும்"ன்னான் என் ஆளு.

ஷெட்டே சிரிச்சுது. இவனும் சிரிச்சான். ஆனா கையை விடல.

காலையில அவன் வண்டி எடுக்கறதைப் பாக்கணும். ஒரு உதை. ஆக்சிலேட்டர் மேல கையே வைக்க மாட்டான். பக்கத்துல நின்னு தலையைச் சாய்ச்சு ஒரு நிமிஷம் கேப்பான். அவன் பொண்டாட்டி திருச்சானூர்ல ஒரு லாட்ஜுல பெட்ஷீட் மாத்தற வேலைக்குப் போவா, பின்னாடி உக்கார நின்னுகினு இருப்பா. ஒரு தடவை என்கிட்ட சொன்னா: "நாலு நாளா எனக்கு இருமல் அண்ணா. இந்தாளு காதுல விழல. வண்டி ஒரு தும்மல் போட்டா உங்க கதவைத் தட்டறாரு." சொல்லிட்டு அவளே சிரிச்சா. அந்தக் குடும்பத்துல கோவம்கூட அப்படித்தான், நாப்பதைத் தாண்டாது.

கோவம் தாண்டினது ஒரே ஒரு தடவை. நகரி மச்சான் ஏதோ அவசரம்னு ஒரு நாள் வண்டியை வாங்கிகினு போனான். சாயந்தரம் கொண்டாந்து விட்டப்ப இவன் சாவியைக் கூட வாங்கல, வண்டிகிட்ட குனிஞ்சான்.

"எண்பதுல போயிருக்கே."

"இல்ல மாமா, ஐம்பது அறுபது இருக்கும்."

"எண்பது. மூணாவது கியர்லயே எண்பது. எனக்கு இங்க கேக்குது."

ஆறு மாசம் மச்சான்கிட்ட பேசல. மூட்டையை வாங்கிகினு தலையாட்டிட்டு வருவானாம். நான்தான் போய் சமாதானம் பண்ணி வெச்சேன்.

அந்த வண்டி மீட்டர்ல அஞ்சு கட்டம்தான். தொண்ணூத்தொம்பதாயிரத்து சொச்சம் தாண்டினா திரும்ப பூஜ்யம். முதல் தடவை சுத்தி வந்தப்ப ஷெட்டுல அஞ்சாறு பேருக்கு டீ. ரெண்டாவது தடவை சுத்தப் போவுதுன்னு தெரிஞ்சப்ப நான் சும்மா விடல. சங்கத்துக்காரங்களைக் கூப்பிட்டேன். ஆயில் டீலரைக் கூப்பிட்டேன். வண்டிக்கு ரோஜா மாலை போட்டேன். கடைசி நாலு கிலோமீட்டரை பைபாஸ்ல எல்லார் முன்னாடியும் ஓட வெச்சேன். ரெண்டு லட்சம், மேல் மூடியைத் திறந்து டேப்பெட் சரி பண்ணினதைத் தவிர இன்ஜினைப் பிரிச்சதில்ல, பிஸ்டன் மாத்தினதில்ல. நூறு சிசி வண்டியில, மலை ஏத்தத்துல, மூட்டையோட. என் பக்கத்துல நின்னு போட்டோ புடிக்க ஆளுங்க தள்ளிகினு நின்னாங்க. "இது ரெண்டு. இதே வண்டியில பிரிக்காம மூணு லட்சம் காட்டறேன், எழுதி வெச்சுக்கோங்க"ன்னு நான் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

அவன் மாலை போட்ட வண்டிக்குப் பின்னாடி கூச்சத்தோட நின்னான். கூட்டம் கொஞ்சம் விலகினப்ப என் காதுகிட்ட வந்தான்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். இறக்கத்துல நீங்க சொன்ன மாதிரி ரெண்டாவது கியர்லதான் வர்றேன். ஆக்சிலேட்டரை மூடியே வெச்சிருக்கேன், ஆனா கத்துது. ஏத்தத்துல கூட அப்படிக் கத்தறதில்ல. கேக்க முடியல. நியூட்ரல்ல விட்டா அதுக்கு ரெஸ்ட்டு தானே?"

இங்கதான் நான் நிறுத்தி எழுதணும்.

அந்தச் சத்தம் வலியில்ல. ஆக்சிலேட்டரை மூடிகினு கியர்ல இறங்கும்போது இன்ஜின் வண்டியைப் பின்னாலருந்து புடிச்சு இழுக்குது. சுத்து கூடும், ஆனா பாரம் இல்லாத சுத்து, அதனால பெரிசா தேயாது. அது புடிக்கலன்னா மொத்த எடையையும் பிரேக்கு ஒண்ணுதான் தாங்கணும். சின்ன டிரம் பிரேக்கு. விடாம அமுக்கினா சூடேறி வழவழன்னு ஆயிடும், அப்புறம் எவ்ளோ அமுக்கினாலும் புடிக்காது. மலை ரோடு போற எந்தக் கஸ்டமரையும் இதைச் சொல்லாம நான் அனுப்பினதில்ல. காது கேக்காத ஒருத்தருக்குக் கையால ஜாடை காட்டி சொல்லியிருக்கேன்.

அவனுக்கும் நாந்தான் முன்னாடி அப்படிச் சொல்லியிருந்தேன். அன்னைக்கு மாத்திச் சொன்னேன். எதிர்ல ஆயில் டீலர் நிக்கறான், மூணு லட்சம்னு சொன்ன வாய் இன்னும் மூடல. தினம் மலை இறங்கற தூரம் பூரா இன்ஜின் சும்மா இருந்தா எத்தனை சுத்து மிச்சம்னு என் புத்தி அந்த நிமிஷம் ஓடிச்சு. தெரியாம சொல்லல. தெரிஞ்சு சொன்னேன்.

"ஆமாய்யா, போட்டுக்கோ. பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் புடி."

அவன் முகம் எப்படி மலர்ந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ரொம்ப நாளா வலியில இருந்த ஆளை இனி நடக்கலாம்னு டாக்டரு சொன்ன மாதிரி.

எட்டு மாசம் அப்படி ஓட்டினான். ஷெட்டைத் தாண்டும்போது, "ரெஸ்ட்டு குடுத்துட்டு வர்றேன் மேஸ்திரி"ன்னு சொல்லிட்டுப் போவான். நாலாவது மாசம் பிரேக்கு புடிக்கலன்னு வந்தான். வீல் கழட்டிப் பாத்தேன். ரெண்டு வருஷம் வரவேண்டிய பிரேக் ஷூ கண்ணாடியாட்டம் மினுங்குது, டிரம்மு உள்ள சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு. அப்பவாவது சொல்லியிருக்கணும். புது ஷூ போட்டுக் குடுத்தேன். "ஜாக்கிரதையா புடிய்யா"ன்னேன். இன்ஜினை ஒரு தடவை கேட்டுட்டு, "ராஜா மாதிரி இருக்கு"ன்னேன்.

அவன் செத்த அன்னைக்குத் திருமலையில ஒரு கடைக்காரரு விக்காத ரெண்டு மூட்டையைத் திருப்பிக் குடுத்திருக்காரு. வழக்கமா காலி வண்டியாதான் இறங்குவான். அன்னைக்கு மூட்டையோட இறங்கினான். கீழ வர்ற ரோடு பழைய ரோடு, வளைவுக்கு மேல வளைவு. முன்னாடி போன ஜீப்புக்காரன் சொன்னான், பின்னாலருந்து ஹாரன் அடிச்சுகினே வந்தான், வழி விட்டேன், ஒரு காலைத் தரையில தேச்சுகினே என்னைத் தாண்டினான்னு. அடுத்த வளைவு சுவத்துல மோதிட்டான்.

விசாரணை முடிஞ்சதும் வண்டியை என் ஷெட்டுக்குத்தான் கொண்டாந்தாங்க. முன் ஃபோர்க்கு மடங்கியிருந்தது. சாவியைத் திருப்பினேன். நியூட்ரல் விளக்கு பச்சையா எரிஞ்சுது. என் பெரிய ஆளும் பாத்தான். அப்புறம் ஏன் செஞ்சேன்னு தெரியல, வண்டியை நிமித்திப் புடிக்கச் சொல்லி ஒரு உதை உதைச்சேன். ஸ்டார்ட் ஆச்சு. தட்டல் இல்ல, புகை இல்ல. அவ்ளோ நல்லா இருந்துச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல. அணைக்கவும் கை வரல. என் ஆளுதான் அணைச்சான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நகரி போனேன். இலை போட்டு உக்கார வெச்சாங்க. நகரி மச்சான் பரிமாறிகினே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான்: "எண்பதுல போனேன்னு ஆறு மாசம் என்கிட்ட பேசல இந்த மனுசன். அவரு எவ்ளோ வேகத்துல போயிருக்காருன்னு பாருங்க. காகிதத்துலயே போட்டிருக்கான்." சிலபேரு உச்சுக் கொட்டினாங்க. ஒருத்தன், "குடிச்சிருப்பாரோ"ன்னான். நான் இலையில வெச்சதைத் துன்னுட்டு எழுந்து கை கழுவினேன். என் ஆயுசுல மூணு ஷெட்டு கட்டின கையி அது.

கை கழுவற இடத்துல அவன் பொண்டாட்டி நின்னா. அங்க சொன்னேன். "நான்தாம்மா நியூட்ரல்ல விடச் சொன்னேன். அவன் ஓட்டின வேகம் இல்ல அது. வண்டி தானா எடுத்த வேகம்."

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க அண்ணா. உங்களைப் பத்தி வீட்டுல பேசாத நாளே இல்ல. அந்த இன்ஜினை நீங்கதானே காப்பாத்துனீங்க?"ன்னா. அப்புறம், "வண்டி நல்லா இருக்குதா?"ன்னு கேட்டா. நல்லா இருக்குதும்மான்னேன். வேற இன்னா சொல்றது?

எம் பையன்கிட்ட சொன்னேன், ஸ்டேஷன் போய் எழுதிக் குடுக்கப் போறேன்னு. "நைனா, நீ ஒரு வார்த்தை சொன்னே. ஓட்டினது அவரு. மூணு கடைக்கும் உன் பேருதான் போர்டு. நாளைக்கு ஒருத்தன் நம்ம ஷெட்டு வாசல்ல வண்டியை நிறுத்துவானா?"ன்னான். படிச்சவன், சரியாத்தான் பேசறான். ஆனாலும் போனேன். அங்க இருந்த ரைட்டர் என் பழைய கஸ்டமரு. டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "அயிப்போயிந்தி மேஸ்திரி, முடிஞ்சு போச்சு. நியூட்ரலோ கியரோ, வந்தது வேகம் தானே? வேகம்னுதானே எழுதியிருக்கோம்?"ன்னாரு. வேகம்தான். நாப்பதைத் தாண்டாத ஒருத்தன் சாகற நிமிஷத்துல எவ்ளோ வேகத்துல போனான்னு நானும் யோசிச்சுப் பாத்திருக்கேன். அந்தக் காத்து பஞ்சு எடுத்த ஹெல்மெட்டுக்குள்ள பூந்து காதுல எப்படி இரைஞ்சிருக்கும். அதுக்குக் கீழ, அவன் தலையைச் சாய்ச்சுக் கேட்டிருந்தா, இன்ஜின் மெதுவா, சுகமா ஓடிகினு இருந்திருக்கும்.

அவன் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு, இங்கயே காலேஜ் போவுது. உங்கப்பா ஓவர் ஸ்பீடாமேன்னு கூடப் படிக்கறவங்க கேக்கறாங்களாம். அதுவும் ஆமான்னு சொல்லுதாம். எதுத்துச் சொல்ல அதுகிட்ட என்ன இருக்கு?

மலர் போடறவங்களுக்குச் சொல்றேன். அந்த இன்ஜினை மேடையில வெச்சு எனக்கு சால்வை போடறதா பேசிகினு இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். வெச்சுக்கோங்க. ரெண்டு லட்சத்தையும் போடுங்க, நான் மறுக்கல, அதுல எனக்குப் பாதி பங்கு உண்டு. ஆனா அதோட இதையும் போடணும். எழுத்தைக் குறைக்கக் கூடாது, மெழுகக் கூடாது: இறக்கத்துல நியூட்ரல் போடச் சொன்னது நான். தேஞ்ச பிரேக்கைப் பாத்துட்டு வாயை மூடினது நான். அவன் வேகமா ஓட்டல. சொன்ன பேச்சைக் கேட்டு ஓட்டினான். இந்தச் சாவுல அவன் பங்கு அவ்ளோதான். மீதி என்னுது. அவன் பேரு வேணாம், என் பேரு மட்டும் வரணும், பெரிய எழுத்துல. அந்தப் பொண்ணுக்கு ஒரு பிரதி நானே கொண்டு போய்க் குடுப்பேன்.